விருது விருந்தில் பக்கத்து நாற்காலி

அன்புள்ள அத்தாவுக்கு, ஹுமா ஸலாம் சொல்லிக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சிருச்சா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஜெர்மனியில பரிணாம உயிரியல் சங்கத்தோட ஆண்டுக் கூட்டம் நடந்துச்சு. நம்ம ஜெகதாப்பட்டினத்துச் சேத்துல தாவுமே, அந்த மீன் கரையில வாழப் பழகினது எப்படின்னு பேசினேன். மாணவர் விருது எனக்குத்தான் கெடச்சுச்சு! விருந்துக்கு வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னாங்க. என் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. பரிமாறுறவர் அதுக்கு முன்னால வச்சிருந்த தட்டை எடுக்க வந்து, "யாரும் வரலையா?"ன்னார். "அத்தா கடலுக்குப் போயிருக்காங்க, கொஞ்சம் இருக்கட்டும்"னேன். விருந்து முடியுற வரைக்கும் அவர் அதைத் தொடவே இல்ல.

யாராச்சும் இங்கிட்டு வந்தா கருவாட்டுப் பொடி குடுத்து விடுங்க. லேப்புக்குப் பஸ் வந்திருச்சு. கரைக்கு வந்ததும் போன் பண்ணுங்கத்தா. பேச ஒண்ணும் இல்லாட்டியும் உடனே வச்சிராதீங்க.

உங்க மக,
ஹுமா