நான்கு அடி ஆழம்

வடகரை
2.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

நீங்கள் அனுப்பிய நீச்சல்குளத்தின் வரைபடம் கிடைத்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே, இருபதுக்குப் பத்து அடி. கொத்தனார் சிவசைலம் சிரிக்கிறார்: “குத்தாலத்த பக்கத்துல வச்சுக்கிட்டு யாராவது தொட்டி கட்டிக் குளிப்பாகளா டீச்சர்?”

காம்பவுண்டு முடிந்ததும் வருகிறேன் என்றீர்கள். பிறகு மாடி முடிந்ததும் என்றீர்கள். இப்போது இதுவா?

உங்கள்
ஷஹானா

தோஹா
20.6.2024

அன்பு ஷஹானாவுக்கு,

அருவியில் பெண்கள் பக்கம் நனைந்த துணியோடு நெருக்கியடித்து நிற்க உனக்குப் பிடிக்காது. நம் கொல்லையில் யார் பார்க்கப்போகிறார்கள்? கல்யாணமான புதிதில் நீச்சல் சொல்லித் தருவதாகச் சொன்னவன் நான்தானே.

ஆழம் ஐந்தரை அடி வை. டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன். கோவிச்சுக்காத புள்ள.

துல்கர்னைன்

வடகரை
15.9.2024

மச்சானுக்கு,

குழி வெட்டியாகிவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கி, தவளைகள் உங்களுக்கு முன்பே குடிவந்துவிட்டன.

சிவசைலம் அடிக்கணக்கை நம்புவதில்லை. “குளிக்கப் போறவங்க உள்ள இறங்கி நிக்கணும். கழுத்துக்குக் கீழ கோடு போட்டாத்தான் சரியா வரும். பாய் எப்ப வருதாங்க?” என்கிறார்.

டிக்கெட் போட்டதும் நகல் அனுப்புங்கள். அதைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொல்கிறேன்.

உங்கள்
ஷஹானா

தோஹா
28.10.2024

ஷஹானா,

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார்கள். மறுக்க முடியவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மறுக்கவில்லை.

அதற்குள் குளத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டுவிடலாம். படம் இத்துடன் இருக்கிறது.

துல்கர்னைன்

வடகரை
12.1.2025

மச்சானுக்கு,

கூரை வேண்டாம். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குழியில் நான் இறங்கி நின்றேன். சிவசைலம் என் கழுத்துக்குக் கீழே கரிக்கட்டியால் கோடு போட்டார். நான்கு அடி. டைல்ஸ் ஒட்டி, தண்ணீரும் விட்டாயிற்று.

பக்கத்து வீட்டு மாஜிதா நீச்சல் சொல்லித் தருகிறாள். “ஏட்டி, சுவத்த விடுட்டி, அது ஓடியா போயிரும்!” என்று விரட்டுகிறாள். நேற்று விட்டேன். ஒரு நிமிடம் மிதந்திருப்பேன்.

இனி இங்கே கட்டுவதற்கு இடமில்லை. நீங்கள் என்றாவது வந்தால், தண்ணீர் உங்களுக்கு மார்புவரைகூட வராது.

ஷஹானா