பன்னிரண்டு மணி நேரக் கெடு

அன்புள்ள ஜோலீனுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

சிகாகோவை நெருங்கும் சரக்கு ரயில்கள் வரிசையாக நின்றுவிடுகின்றன. ஓட்டுநர் வேலைக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் முடிந்தால், சட்டப்படி நடுவழியானாலும் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். பின்னால் வருபவையும் மாட்டிக்கொள்ளும்.

"பாதை காலியாகும்வரை, முன்னாடியே கேல்ஸ்பர்க் நிலையத்துல வண்டி நிக்கட்டும். ஓட்டுநரை அப்புறமா வேலைக்குக் கூப்பிடுவோம், அவரோட நேரமும் அப்பத்தான் தொடங்கும்" என்றேன் அலுவலகத்தில்.

"நெரிசலைத் தீர்க்க ரயிலை நிறுத்துறியா? நல்லா இருக்குப்பா உன் கணக்கு!" என்று சிரித்தார் மேலாளர் ஹேகன்.

நான் விடவில்லை; ஒரு நாள் செய்து பார்க்கச் சம்மதித்தார். செவ்வாயன்று அப்படி நிறுத்தி அனுப்பிய ஒன்பது வண்டிகளும் கெடுவுக்குள் வந்து சேர்ந்தன. ஓட்டுநர் வெர்ன் போனில், "நீ லேட்டா கூப்பிட்டதால பொண்டாட்டியோட உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தேன்யா" என்றார். நாம் இருவரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

நீலக் கம்பளிச் சட்டையை அனுப்பச் சொன்னேனே, அனுப்பாதே. அடுத்த மாத அட்டவணையில் என் விடுப்பையும் எழுதிவிட்டேன். ஹேகன் அழித்தால் மறுபடி எழுதுவேன். சட்டையை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அவசரமாக,
வெண்டெல்