பதினாறு முடிச்சில் டொரண்டோ

ஒருத்தரும் நம்பமாட்டாத கதை ஒன்றை, வலக்கையை நெஞ்சில் வைத்து, இதோ சொல்லப்போகிறேன். நீராவது நம்பும்வே. போய்ச் சேர்ந்த ஆளுக்கு அங்கன வேறென்ன வேலை?

இன்று காலை, டொரண்டோவில் உம் மகள் வீட்டில், சட்டையை மடிக்கும்போது பையிலிருந்து அந்த நீல நூல் விழுந்தது. பாளையங்கோட்டையில் உம் வீட்டு மேசையில் நாம் போட்ட சண்டை உடனே காதில் கேட்டது. உம் டொரண்டோ பயணத்துக்குத் தூரம் பார்க்க, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் நான் ஸ்கேலை வைத்தேன். உமக்குக் கோபம் வந்துவிட்டது.

"படத்துல அளந்தா ஆப்பிரிக்காவுல போயி நிப்பீரு. உருண்டைல அளக்கணும்வே! விமானம் வடக்கால ஏறி, பூமியோட உச்சந்தலையத் தடவிட்டுல்லா இறங்குது."

மகள் பள்ளியில் பரிசாக வாங்கிய பூகோள உருண்டையில் திருவனந்தபுரத்தையும் டொரண்டோவையும் அந்த நீல நூலால் இணைத்தீர். பதிமூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று தீர்ப்பு வந்தது. மணிக்கு ஒன்றாகப் பதினாறு முடிச்சும் போட்டீர். "ஒண்ணொண்ணா அவுத்துக்கிட்டே இருந்தா பயம் தெரியாது."

பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு பீடம்வரை நடப்பதுதான் உமக்கு ஒரே ஆசை. விசா வந்தது. நீர் வேறு பயணம் கிளம்பிவிட்டீர்.

உம் மகள் போனில் கேட்டாள். "அப்பா தூக்க வேண்டிய பிள்ளை. நீங்க வருவியளா மாமா?"

நம்மூர் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்ளும் மாவீரன் நான். வருகிறேன் என்றேன். சொன்ன பிறகு பின்வாங்க நானே என்னை விடவில்லை. உம் மேசையில் கிடந்த நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பைலட் என்னைக் கேட்காமல் ஒரு திருப்பமும் திருப்பவில்லை. பனிக்கு மேலே பறந்தபோது வெள்ளைக் கரடி ஒன்று அண்ணாந்து, "அண்ணாச்சிக்கு முக்கூடல் பக்கமா?" என்று விசாரித்தது. ஆனால் நேராகப் போகிற விமானமே கிடையாது, வளைகுடாவில் இறங்கி நாலு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும் என்பதை உம் உருண்டை சொல்லவில்லையே! பதினாறாவது முடிச்சும் அவிழ்ந்தது. கீழே ஊரைக் காணோம். பணிப்பெண்ணைக் கேட்டேன். இன்னும் ஆறு மணி நேரம் என்றாள்.

கை வேர்த்து நூல் நனைந்துவிட்டது. உம்மை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு, அவிழ்த்த நூலிலேயே மணிக்கொரு முடிச்சாகத் திரும்பப் போட ஆரம்பித்தேன். ஆறாவது முடிச்சில் சக்கரம் தரையைத் தொட்டது.

நேற்று உம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சமும் நடுங்காமல், ராஜநடை போட்டுப் பீடத்துக்குப் போனேன்.

சரி, வலக்கையை எடுத்துவிடுகிறேன். கரடி புளுகு. பைலட் புளுகு. நடுங்காதது எல்லாவற்றிலும் பெரிய புளுகு. பிள்ளையைவிட நான்தான் அதிகம் ஆடினேன். நூலில் கிடக்கும் ஆறு முடிச்சு மட்டும் மெய். அவற்றை நான் அவிழ்க்கப் போவதில்லை.