என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளையைத்தான் மனம்விட்டுத் திட்ட முடியும். போனில் பேசாமல் ஏன் காகிதம் எடுத்தேன் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நடுவில் வார்டில் யாராவது கூப்பிடுவார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய், நான் அடுப்படியில் நின்று சுவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். காகிதம் குறுக்கே பேசாது. இப்போது இருக்கிற நிலைமையில் தபாலில் போட்டால் எந்தக் காலத்தில் வந்து சேருமோ, அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுப்பேன். அனுப்புகிற சாக்கில் அவரும் படிப்பார். படிக்கட்டும், இதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

போன வாரம் நம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது. எந்த வண்டி தெரியுமா, என் வண்டி. நம் ஊர்நலச் சங்கத்து வண்டி. இந்தத் தொற்றுக் காய்ச்சல் பரவி பஸ் எல்லாம் நின்றுபோனதிலிருந்து, ஒதுக்குப்புறத்தில் தனியாகக் கிடக்கிறவர்களுக்கு மருந்தும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரவும் சம்பளம் இல்லாமல் நான் ஓட்டிக்கொண்டிருந்த அதே வண்டி. வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் அக்கா என்று செயலாளர் சொன்னதை நம்பி நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் மளிகைக் கடைக்காரரின் தம்பி அதிலிருந்து இறங்குகிறான், ஒரு பையை நம் வாசல்படியில் வைக்கிறான், நாலடி பின்னால் போய் நிற்கிறான். அப்படித் தள்ளி நிற்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பைக்குள் உருளைக்கிழங்கு, பால் பவுடர், சோப்பு, மேலே வீட்டிலேயே பத்திரமாக இருங்கள் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கத்தரித்தவளும் நான்தான். என்னடா இது, யாருக்குக் கொண்டுபோகிற பையை இங்கே இறக்குகிறாய் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்களுக்குத்தான்க்கா. உங்க பொண்ணு போன் பண்ணிச்சாம்." எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உருளைக்கிழங்கை எடுத்து ஒவ்வொன்றாக அவன் மேல் எறிந்திருப்பேன், பாவம், அவன் என்ன செய்வான், அம்பை நொந்து என்ன பயன்.

அடியே, உன் பள்ளிக்கூட வண்டியை ஓட்டியவள் நான். நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் பின்னால் உட்கார்ந்து கத்துகிற கத்தலில் காது அடைத்துப்போயும் ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு நகக்கண்ணில் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். என்னை உதவி வாங்குகிறவர்கள் பக்கம் தள்ளிவிட உனக்கு ஒரு போன் போதுமாக இருந்திருக்கிறது. செயலாளரைப் போய் உலுக்கினேன். மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், பிறகு எல்லாவற்றையும் கக்கிவிட்டார். நீ அவரிடம் அழுதாயாம். அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, அறுபது தாண்டிவிட்டது, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று சொன்னாயாம், டாக்டர் எழுதிய காகிதத்தின் படத்தையும் அனுப்பினாயாம். அந்தக் காகிதம் அலமாரியில் என் துணிக்கு அடியில் அல்லவா இருந்தது, அதற்குக் கால் முளைத்தா உன்னிடம் வந்தது? உன் அப்பாவைக் கேட்டேன். அவள் அழுதாள், நான் என்ன செய்யட்டும் என்கிறார். ஏன், நான் வீட்டில்தானே இருந்தேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. டீ போட்டு மேசையில் வைக்கிறேன், வைக்கிற சத்தத்திலேயே மனிதருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. என்னங்க, இதையும் தெளிவாகப் படம் பிடியுங்கள்.

எல்லாம் அக்கறைதானே அம்மா என்பாய். அக்கறைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை இறக்கினால் அந்த வண்டியிலிருந்து வேறு யார் இறங்குகிறார்கள் என்று கேட்டாயா? தையல்காரியைப் பற்றி உன்னிடம் போன மாதமே சொன்னேன், நீ ம்ம் ம்ம் என்றாய், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாய். இப்போது திரும்பச் சொல்கிறேன், கேள். கல்குவாரிக்கு அந்தப் பக்கம் தனி வீடு, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு மிஷினும் அவளும்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, வாரத்துக்கு இரண்டு தரம் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ் நின்றபிறகு அவளுக்கு இருந்த ஒரே வழி நம் வண்டி. நடுவில் பிளாஸ்டிக் திரை, ஜன்னல் எல்லாம் திறந்து, ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான், நீ நினைக்கிற மாதிரி நாங்கள் ஒன்றும் கண்மூடித்தனமாக ஓட்டவில்லை. அவளுக்கு வீட்டுக் கதவிலிருந்து வண்டி வரைக்கும் பிடிமானம் இல்லாமல் வர முடியாது, எனக்கோ யாரையும் தொடக்கூடாது என்று கட்டளை. என்ன செய்தோம் தெரியுமா, அவளுடைய துணி அளக்கிற மரக்கோல் இருக்கிறதே, அதன் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான் பிடிப்பேன், அப்படியே மெதுவாகக் கூட்டிவருவேன். சட்டம் கேட்கிற ஒரு மீட்டரைச் சரியாக அளந்துதான் வருகிறோம் அக்கா என்று அவளே சிரிப்பாள். திரும்பி வரும்போது துவண்டுபோய்ப் படுத்திருப்பாள், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் வாந்தி எடுப்பாள், அந்தப் பாதையில் எந்தக் குழியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

என்னை நீ இறக்கிவிட்ட பிறகு மிச்சம் இருந்த டிரைவர் இரண்டு பேர். ஒருவர் அந்த ஓய்வுபெற்ற லாரிக்காரர், ஒரு தடவை அவளைக் கூட்டிப்போனார், மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டார். மளிகைக் கடைக்காரரின் தம்பிக்கு வீட்டில் கைக்குழந்தை, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸோ காய்ச்சல்காரர்களை ஏற்றி இறக்கவே நேரம் இல்லாமல் ஓடுகிறது. செயலாளர் என்ன செய்தார் தெரியுமா, தையல்காரிக்குப் போன் போட்டு, என் நெஞ்சு நோவையும் நீ அழுததையும் சொல்லி, இந்த ஒரு முறை விட்டுவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். டயாலிசிஸ் என்ன முடிவெட்டிக்கொள்வதா, இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்று சொல்ல? அவளும் சரி என்றிருக்கிறாள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஜென்மம் அது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா. முந்தாநாள் மத்தியானம் அவளே எனக்குப் போன் செய்தாள், எதற்கு, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. "உங்களுக்கு நெஞ்சுல ஏதோ… வச்சிருக்காங்களாமே… சொல்லவே இல்லையேக்கா" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் மூச்சு வாங்கியது. என் காரியத்தை விடு, நீ ராத்திரி தூங்கினாயா என்று கேட்டேன். உட்கார்ந்துகொண்டே கொஞ்சம் தூங்கினேன், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். நீ நர்ஸ், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சங்கத்துக்கு ஓடினேன், செயலாளர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை அவர் கண் முன்னாலேயே எடுத்தேன். "அக்கா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் பதில் சொல்லுவ? கேக்க ஆளில்லைன்னுதானே விட்டுட்ட?" என்றேன். மனிதர் எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவள் வீட்டில் முகம் ஊதி, கால் ஊதி, மிஷின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிற்கவே முடியவில்லை, மரக்கோலைப் பிடிக்க ஏது கை. ஆமாம், தொட்டேன். இடுப்பில் கைபோட்டுத் தூக்கி, என் தோளில் அவள் தலையைச் சாய்த்துக் கூட்டிவந்து ஏற்றினேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள். முகத்தில் இரண்டு மாஸ்க் போட்டிருந்தேன், வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்திலேயே குளித்தேன், இப்போது தனி அறையில்தான் படுக்கிறேன், காய்ச்சல் இல்லை, வாசனை தெரிகிறது, உன் அப்பா கதவுக்கு வெளியே நின்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் விசாரிக்கிறார். ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று அந்த டாக்டர் பெண் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அந்தப் பேச்சு உனக்கு வர வேண்டியது, நான் வாங்கினேன்.

நீ பயந்துதான் செய்தாய், எனக்குத் தெரியாதா. தினமும் எத்தனை பேரை மூடிக் கட்டி அனுப்புகிறாய், அதில் என் வயசுக்காரிகள் எத்தனை பேர், ஒவ்வொரு முகத்திலும் நீ யாரைப் பார்க்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அந்த வார்டுக்குப் போகிறாயே, நான் உன் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேனா? என் மகள் ஒரே மகள், சின்ன வயதில் மூச்சிழுப்பு வந்தவள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலில் ஒரு பை உருளைக்கிழங்கு வையுங்கள் என்று அழுதேனா? போட்டிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாயா? எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது, நீ போனை எடுக்காத நாளெல்லாம் நான் செத்துப் பிழைக்கிறேன். எரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அது உன் வேலை. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

வேறு செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, உன் அப்பா மூன்று தரம் சரிசெய்து இப்போது நன்றாகவே ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு ஆசிரியை கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிற சத்தத்தில் எனக்குப் பின்னக் கணக்கெல்லாம் மறுபடி வந்துவிட்டது. நீ கையுறை போட்டுப் போட்டுக் கை வெடித்திருக்கிறது என்று வீடியோவில் பார்த்தேன், ராத்திரி எண்ணெய் தடவிவிட்டுப் படு, மறந்துபோச்சு என்று சொல்லாதே. மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் சாவியை என்னிடமே விட்டுவிட்டார், உன் அப்பாவும் தடுக்கவில்லை, நீ வேண்டாமென்றாலும் நான் வண்டி எடுக்கத்தான் போகிறேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் தையல்காரி மாட்டேன் என்கிறாள். நேற்று நானே கூட்டிவந்து அவளை வீட்டில் விட்ட பிறகு போனில் பேசினாள். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்றேன், வராதீர்கள் என்றாள். என்னடி உளறுகிறாய் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க பொண்ணு வேண்டாம்னு அழுத வண்டியில நான் ஏற மாட்டேன்க்கா. எனக்கு அப்படி அழ ஒரு ஆள் இருந்தா, நான் கேட்டிருப்பேன்." எவ்வளவோ மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், போனை வைத்துவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு உன் மேல் இருந்த கோபம் குறையவில்லை, இன்னும் கூடிவிட்டது. உன் பேச்சை நான் தட்டிவிடுவேன், அவள் தட்ட மாட்டாள். பெற்ற பிள்ளை இல்லாதவள் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் எனக்குப் போன் செய்யாதே, சமாதானம் எதுவும் எனக்கு வேண்டாம். அவளுக்குச் செய். அவள் நம்பரைப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன், உன் அப்பா அதையும் படம் பிடிப்பார். தையல் மிஷின் சத்தத்தில் முதல் தடவை கேட்காது, எடுக்கும்வரை விடாமல் அடி. டயாலிசிஸைப் பற்றிப் பாடம் எடுக்காதே, அது உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். உன் பயம் போயிருக்காது, எனக்குத் தெரியும், அது இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டே பேசு.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டவர்களெல்லாம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்கு முறை வியாழக்கிழமை காலை. புதன்கிழமை இருட்டுவதற்குள் பேசிவிடு. "எங்கம்மா வண்டியில ஏறிக்கோங்க" என்று சொல், அது போதும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அம்மா