இசக்கிக்காக நான் உண்டாக்கிய ரஷ்யாக்காரர்

என் தங்கமான அத்தானுக்கு,

உங்கள் படத்துக்கு மாலை மாற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தாராவியிலேயே பெரிய மாலை. பூக்காரனே அசந்து போனான்.

முதலில் சந்தோஷச் சேதி. அணுசக்தி நகர்ப் பக்கம் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு நீங்கள் ஸ்டாஃப் பஸ் ஓட்டினீர்களே, அதற்குள் உங்கள் மகள் இசக்கி போகப் போகிறாள். அவள் இப்போது டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சூட்டில் இரும்பு எப்படிக் கீறல் விடுகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். அதற்கு மேலும் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய, போஸ்ட்டாக் என்று ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். லட்சம் பேர் கேட்டு இவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. கேட்டதே நாலு பேர்தான் என்கிறாள் அவள். அடக்கம்.

மறுநாளே சந்து முனையில் பேனர் கட்டினேன், 'விஞ்ஞானி இசக்கி' என்று. பக்கத்தில் என் படம், கொஞ்சம் பெரிசாக.

சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டாம். கான்ஸ்டபிள் வந்தபோது நான்தான் வீட்டில் இருந்தேன். பெண்ணுக்கு வெளிநாட்டுக்காரர் யாரோடாவது பழக்கம் உண்டா என்றார். நம் பிள்ளையைக் குறைத்துக் கேட்கிறாரே என்று எனக்கு ரோஷம். ரஷ்யாவில் ஒரு பெரிய விஞ்ஞானி தினமும் போனில் வருகிறார், இவளைக் கேட்டுத்தான் வேலையே செய்கிறார் என்று என் பம்பாய் இந்தியில் அடித்துவிட்டேன். அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுத எழுத எனக்கு உற்சாகம். துபாயில் இரண்டு பேரைச் சேர்த்தேன்.

அன்றைக்கு நின்ற விசாரணைக் காகிதம் இன்னும் நகரவில்லை, அத்தான். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கு இடம் போய்விடும்.

"மாமா, போலீஸ்காரர்ட்ட என்ன சொன்னிய?"

"நல்லதத்தாம்ட்டி சொன்னேன்."

"ஒங்க நல்லதுதான் மாமா எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? அக்கா சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. வெளியே போனால் அந்தப் பேனருக்குக் கீழேதான் போகவேண்டும். "விஞ்ஞானி மாமா, ஜாய்னிங் எப்ப வே?" என்கிறார்கள் டீக்கடையில். பேனரை அவிழ்த்தால் ஏன் என்பார்கள். வேலைக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கே என் வாயைப் பொத்தியிருக்க மாட்டீர்களா?

நேற்றுத் துணிந்து ஸ்டேஷனுக்குப் போனேன். சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, மேலே அனுப்புகிறேன் என்றார் அதிகாரி. பேனாவை வாங்கினேன். பக்கத்தில் நம் சந்துக்காரர் ஒருவர் நின்றார். நாளை வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் சந்துச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். சந்தே படித்த பிறகு பக்கத்தில் யார் நின்றால் என்ன? ரஷ்யாக்காரர் கிடையாது. துபாய்க்காரர்களும் கிடையாது. இதை ஒட்டுவதற்கு முன் இசக்கியிடம் நானே சொல்வேன். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுப்பேன். இது உங்கள் படத்தின் முன் சத்தியம். கையெழுத்தை மட்டும் பெரிசாகப் போட்டுக்கொள்கிறேன், தடுக்காதீர்கள்.

கடல் தாண்டி ஒருவரையும் தெரியாத,
உங்கள் ஒரே மச்சினன்