நிரந்தர விலாசம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மருதனார்மடத்தில் வீட்டு இணையத்துக்கு ரூட்டர் வாங்கினேன். கனடாவிலிருக்கும் அக்கா எங்கள் படங்களை வீட்டுக் கணினியிலிருந்தே பார்க்க வேண்டும். அதற்காக இணைய நிறுவனத்திடம் மாறாத ஐபி முகவரி ஒன்று, இணையத்தில் எங்கள் வீட்டுக்கான விலாசம், எடுத்திருக்கிறேன். அதை நேரே கணினிக்குக் கொடுக்கக் கடையிலிருந்த மலிவான ரூட்டரால் முடியாது. விலை கூடியதையே எடுத்தேன்.

"உவ்வளவு விலை குடுத்து ஏன் வாங்கினனி?" என்றார் அப்பா.

"எங்களுக்கு நிரந்தர விலாசம் கிடைச்சிட்டுது அப்பா. இனி மாறாது."

சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டார். "காணியை விட்டிட்டாங்களோ?"

தெல்லிப்பழைக் காணி இன்னும் இராணுவ வேலிக்குள்தான் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் நிரந்தர விலாசமென்று அவர் எழுதுவது அதைத்தான். எனக்கு அது ஏன் நினைவில் வரவில்லை?

"இல்லை அப்பா, இது கொம்பியூட்டருக்கு."

"ஓம். அதுக்கெண்டாலும் கிடைச்சுதே" என்று கை கழுவப் போனார்.

ரூட்டர் பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை.