அண்ணனுக்கு இரண்டு பிறந்த தேதி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
பிப்ரவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் வஹீதா அக்கா நல்லவர் என்று எழுதியிருந்தாய், அவரிடமும் காட்டாதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீ அங்கே குளிரில் சளி இல்லாமல் சுகமாக இருக்கச் சகாய மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று போன கடிதத்தில் எழுதியது நான்தான், அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். அது பொய். இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள், சன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பார்த்துவிட்டு, திருச்சி வெயிலுக்கு இதைப் போட்டால் என்னை அவித்து எடுக்கலாம் என்று சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்தபோது ஒருவர் வாசலில் நின்றிருந்தார். ரங்கசாமி என்று பெயர் சொன்னார், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம், இப்போது ஆள் சேர்க்கிறவர்களிடம் பையன்களைக் கூட்டிப் போகிறாராம், தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைக்குமாம். நாங்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டார். உங்க பையன் பாக்கியநாதன் அஞ்சடி ஆறு அங்குலம், அரைப்பரீட்சையில கணக்குல இருபத்தெட்டு, ஆறாவதுல மஞ்சக்காமாலைன்னு ஒரு மாசம் லீவு, இதெல்லாம் சரிதானேங்க என்றார். அம்மா பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். பெரிய பொண்ணு டெல்லியில நர்ஸு, இந்தப் பாப்பா கான்வென்ட்ல எட்டாவது என்று என்னைக் காட்டிச் சொன்னார். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் புரிந்தது அக்கா. ஸ்காலர்ஷிப்புக்காக அப்பா எழுதிக் கொடுத்த தாளில் நம் எல்லோருடைய பெயரும் இருந்ததே, அதிலிருந்துதான். ஸ்கூல் ஆபீசில் அண்ணன் வகுப்புப் பையன்கள் எல்லோருடைய விவரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் போய்க் கேட்டதற்கு ஆபீஸ் கிளார்க், நாட்டுக்குத்தானேடா கேக்குறாங்க, உன் ஜாதகத்தையா குடுத்துட்டேன் என்றாராம்.

அண்ணனோடு படிக்கும் ஸ்ரீரங்கத்து சாரங்கபாணி வீட்டுக்கும் ரங்கசாமி போயிருக்கிறார். அவன் அப்பா வக்கீல். என் பிள்ளை விவரத்தை யாரைக் கேட்டுக் குடுத்தா, எழுதிக் குடுங்கோ என்று கேட்டதும் அந்தப் பக்கமே போவதில்லையாம். நம் அப்பாவால் அப்படிக் கேட்க முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நீதானே அண்ணனை முதல் நாள் ஸ்கூலுக்குக் கூட்டிப் போனாய். நான் கைக்குழந்தை, அம்மாவால் இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை என்று நாலு வயதுகூட நிறையாதவனுக்கு ஐந்து என்று சொல்லி, அப்பா ஜூன் ஒன்றாம் தேதியை எழுதிக் கொடுத்தார். வாத்தியார் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னபோது எட்டாமல், நீ பின்னால் இருந்து கையை இழுத்துவிட்டாயாமே. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கிறிஸ்துமஸ் சிரித்திருக்கிறோம். ஆனால் கோவில் ஞானஸ்நானப் பதிவில் இருப்பதுதான் நிஜம், அண்ணனுக்கு வரும் ஆகஸ்டில்தான் பதினாறு. பட்டாளத்துக்குப் பதினாறு முடிந்திருக்க வேண்டுமாம். ஸ்கூல் கணக்கில் அது போன ஜூனிலேயே முடிந்துவிட்டது.

அப்பா மெதுவாக, பையனுக்கு இன்னும் வயசு பத்தாதுங்க என்று ஆரம்பித்தார். ரங்கசாமி சிரித்துக்கொண்டே, ரிஜிஸ்தர் பொய் சொல்லுமாங்க, பொய்னா அத எழுதிக் குடுத்தது யாருங்க, நீங்க திருவெறும்பூர்ல சர்க்கார் சம்பளம் வாங்குறவரு, யோசிச்சுப் பேசுங்க என்றார். அப்பா அவர் நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து, பட்டாளத்துல மூணு வேளை சோறு, ஊரே மதிக்கும் என்று அண்ணனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வருவதில்லை. கோவிலில் சாமியாரிடம் போய் ஞானஸ்நானச் சீட்டு வாங்கலாமா என்று அண்ணனைக் கேட்டேன். அது வெளிய வந்தா ப்ளஸ் டூ பரீட்சைக்கு என்னை உக்கார விடமாட்டாங்க, அப்பா வேலையும் போயிடும், நீ வாய மூடிக்கிட்டு இருடி என்றான். அப்புறம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, எனக்குப் போக வேணாம் அக்னஸ், பயமா இருக்கு என்றான். அவன் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

கே.கே. நகர் பக்கத்து மைதானத்தில் நாளைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் பஸ்ஸுக்கு முன்னால் வந்து அண்ணனைக் கூட்டிப் போவதாக ரங்கசாமி சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் அசல் இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்களாம், அதைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லி அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார். நாளை விட்டால் அடுத்த வருடம்தான். அதனால் அதை டிரங்குப் பெட்டியில் அம்மாவின் மந்திரிச்ச கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து நான் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நாலாக மடித்ததற்குத் திட்டாதே. விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது கோவில் எதிரில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். நீ மே மாத லீவில் வரும்போது கொண்டு வா, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு. பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம், உன் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான்தான் என்றாலும் இப்போதெல்லாம் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்காருகிறார். என் பெயர் வெளியே வந்தால் அப்பா என்னை அடிப்பார், அதுகூடப் பரவாயில்லை. அப்பாவை ஏதாவது செய்துவிடுவார்களோ என்றுதான் பயம். அண்ணனிடம் சொல்லவில்லை, அவனைக் கேட்டால் நிஜமாகவே தெரியாது என்று சொல்லட்டும்.

உன் செபமாலையில் அண்ணனுக்காக ஒரு பத்து மணி சேர்த்துச் சொல். அப்பாவுக்காகவும் சொல். கர்த்தர் உன்னைக் காப்பாராக. கடைசியில் நேரம் இருக்குமோ என்னவோ, பெயரை இங்கேயே எழுதிவிடுகிறேன், உன் தங்கை அக்னஸ். இன்னொன்று, அண்ணன் சட்டைக்கு நீ கேட்ட அளவு

கதவைத் தட்டுகிறார்கள். இன்னும் விடியவில்லையே. அப்பா எழுந்துவிட்டார். அக்கா, டிரங்குப் பெட்டிச் சாவி எங்கே என்று அம்மாவிடம் கேட்கி